சொந்த சர்வரா, கிளவுடா: குவெரி ஓடும் நேரத்தை அளந்து பாருங்கள்

டேட்டா வேர்ஹவுஸை (நிறுவனத்தின் எல்லா டேட்டாவையும் ஓரிடத்தில் சேர்த்து ரிப்போர்ட் எடுக்கும் டேட்டாபேஸ்) எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தாலே, எத்தனை டெராபைட் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிளவுடில் சேமிப்பு மலிவு, பில்லை ஏற்றுவது குவெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, ஓடும் நேரம். ஆகவே இப்போதைய டேட்டாபேஸின் குவெரி லாகை (எந்தக் குவெரி எப்போது ஓடியது என்ற பதிவு) ஒரு மாதத்துக்கு எடுங்கள். மாதக் கடைசி நாட்கள் அதில் கட்டாயம் இருக்கட்டும். ஒரு குவெரியாவது ஓடிக்கொண்டிருந்த நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள். ஒவ்வொரு குவெரியின் நேரத்தையும் கூட்டினால், ஒரே சமயத்தில் ஓடியவை இரட்டிப்பாகிவிடும்.

ஸ்னோஃப்ளேக் என்ற கிளவுட் டேட்டா வேர்ஹவுஸில், குவெரியை ஓட்டும் கணினித் தொகுப்புக்கும் 'வேர்ஹவுஸ்' என்றே பெயர். அதில் மீடியம் அளவு மணிக்கு 4 கிரெடிட் (பில் போடும் அலகு). இரவு லோடு, காலை ரிப்போர்ட் என நாளுக்கு 4 மணி நேரம் ஓடினால் 30 நாளுக்கு 480 கிரெடிட். அதிலேயே 5 நிமிடத்துக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ் ஆகும் டாஷ்போர்டைக் கட்டி, ஆட்டோ சஸ்பெண்டை (வேலை இல்லாதபோது எவ்வளவு நேரத்தில் தானாக நிற்க வேண்டும் என்ற அமைப்பு) 10 நிமிடத்தில் விட்டுவைத்தால் வேர்ஹவுஸ் தூங்கவே தூங்காது. 720 மணி நேரம், 2,880 கிரெடிட். பட்ஜெட்டைச் சாப்பிடுவது பெரும்பாலும் இப்படியொரு அமைப்புதான். சஸ்பெண்டை 60 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். டாஷ்போர்டுக்குத் தனியாக எக்ஸ்ட்ரா ஸ்மால் வேர்ஹவுஸ் கொடுங்கள். டேட்டா மாறாமல் அதே குவெரி திரும்ப வந்தால் 24 மணி நேரம் கேஷிலிருந்தே (முன்பு கிடைத்த விடையைச் சேமித்து வைக்கும் இடம்) விடை கிடைக்கும், வேர்ஹவுஸ் விழிக்க வேண்டியதில்லை. குவெரிக்குள் 'இந்த நொடி' நேரத்தைக் கேட்கும் ஃபங்ஷன் இருந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

கூகுளின் கிளவுட் டேட்டா வேர்ஹவுஸான பிக்குவெரியின் ஆன்-டிமாண்ட் திட்டத்தில் படித்த பைட்டுக்குத்தான் காசு. சாதாரண டேபிளில் 'லிமிட் 10' போட்டாலும் கேட்ட காலம்கள் முழுசாகப் படிக்கப்படும். டேபிளைத் தேதிவாரியாகப் பார்ட்டிஷன் செய்து, அதாவது பகுதிகளாகப் பிரித்து, எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்லும் பார்ட்டிஷன் ஃபில்டரைக் கட்டாயமாக்குங்கள்.

நாள் முழுக்கச் சீராகச் சுமை இருந்தால் என் ஓட்டு சொந்த சர்வருக்கு. ஆனால் கணக்கை மறைக்காமல் போட வேண்டும். 500 வாட் இழுக்கும் சர்வர் நாளுக்கு 12 யூனிட் தின்னும், ஏசி தனி. ஸ்டாண்ட்பை சர்வர், ஸ்பேர் டிஸ்க், கவனிக்க ஆள் எல்லாம் உண்டு. ரெய்டை (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று கெட்டாலும் டேட்டா தப்பும்படி வைக்கும் முறை) பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். தவறான ஒரு டெலீட் எல்லா டிஸ்கிலும் அதே நொடியில் பதிந்துவிடும்.

பேமென்ட் டேட்டா என்றால் ரிசர்வ் வங்கியின் 2018 ஏப்ரல் உத்தரவுப்படி அது இந்தியாவில்தான் சேமிக்கப்பட வேண்டும். கிளவுடில் மும்பை ரீஜியனை (டேட்டா சென்டர் இருக்கும் பகுதி) தேர்ந்தால் மட்டும் போதாது, பேக்கப் எந்த ரீஜியனுக்குப் போகிறது என்றும் பாருங்கள்.

கிளவுடுக்கு மாறுவதற்கும் நாள் பிடிக்கும். 100 எம்பிபிஎஸ் லைன் முழு வேகத்தில் ஓடினாலும் 10 டெராபைட் ஏற 9 நாளுக்கு மேல். முதலில் பார்க்கே என்ற ஃபைல் வடிவத்தில் சுருக்கி ஏற்றுங்கள். அந்த ஃபைல்களை உங்கள் சொந்த பக்கெட்டிலேயே (கிளவுடில் ஃபைல் வைக்கும் இடம்) வைத்திருந்தால், நாளை வேறு வேர்ஹவுஸுக்குப் போகும்போது மறுபடி எக்ஸ்போர்ட் செய்யத் தேவையில்லை.