கிளினிக்கில் கால் பார்க்கும் வேலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓர் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் நேர்ஸாக வேலை செய்கிறேன். சீனி (நீரிழிவு), பிரஷர் என்று வருகிறவர்களில் அநேகம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். கொப்பியில் எழுதியிருக்கும் சீனி அளவைப் பார்ப்பதோடு, அவர்களுடைய பாதத்தையும் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னால் கூச்சப்படுவார்கள். "காலில ஒண்டும் இல்ல மகள், மருந்தத் தாங்க" என்பார்கள். நோவே இல்லை என்று சொல்கிறவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம். சீனி வருடக்கணக்கில் கூடிக் கிடந்தால் பாதத்து நரம்புகள் கெட்டு உணர்வு போய்விடும், இரத்த ஓட்டமும் குறையும். குத்தினாலும் தெரியாது, புண் வந்தால் லேசில் ஆறாது. எங்கள் ஆட்களோ வரம்பில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர்கள். ஓர் ஐயாவின் உள்ளங்காலில் நத்தை ஓடு ஏறி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. "எப்ப ஐயா குத்தினது?" என்று கேட்டேன். காலைத் தூக்கிப் பார்த்தவர் அப்போதுதான் கண்டார், முகம் வெளிறிவிட்டது.

கால் உணர்வு போனதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் தேவையில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலோன் இழை போதும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். சீனி உள்ள எல்லோருக்கும் வருடத்தில் ஒரு தடவையாவது இதைச் செய்ய வேண்டும்.

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும், உகந்தை வழியாகக் காட்டுக்குள்ளால் நடந்து கதிர்காமத்துக்கும் போக நேர்த்தி வைத்திருப்பவர்களிடம் நான் நேராகவே பேசுகிறேன். உணர்வு போன காலோடு தீ மிதிக்க வேண்டாம், அம்மாளிடம் சொல்லி நேர்த்தியை மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன். பாதயாத்திரை போயே ஆக வேண்டும் என்கிறவர்கள், முதலில் காலைக் காட்டிவிட்டுப் போகட்டும். காட்டுப் பாதையில் ஒவ்வொரு இரவும் இரண்டு பாதத்தையும் யாராவது வெளிச்சத்தில் பார்க்கவும் வேண்டும்.

அடுத்தது நகம். அது நீண்டு சதைக்குள் ஏறியிருந்தால், பெரும்பாலும் குனிய முழங்கால் விடாது, அல்லது கண் தெரியாது, அல்லது வெட்டிவிட வீட்டில் ஆள் இல்லை.

முழங்கால் என்றால் என்ன குளிசை போடுகிறார்கள் என்று உடனே கேட்பேன். டைக்ளோபெனாக் மாதிரி நோவுக் குளிசைகளைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றைப் புண்ணாக்கும், பிரஷரையும் கூட்டும். கண் என்றால், வெள்ளை படர்ந்ததை ஒப்பரேஷன் செய்து சரிப்படுத்தலாம். சீனியால் விழித்திரை கெடுவது வேறு; அது சத்தமில்லாமல் வரும், அதனால் பார்வை நன்றாக இருக்கும்போதே வருடாவருடம் காட்ட வேண்டும்.

வீட்டில் ஆள் இல்லை என்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பிள்ளைகள் கட்டாரிலும் கொழும்பிலும் இருக்கிறார்கள். ஓர் அம்மா இரத்தம் எடுக்க வேண்டுமென்று சாப்பிடாமல் வந்தார். ஆனால் சீனிக் குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு வந்திருந்தார். வரிசையிலேயே வேர்த்து, நடுங்கிச் சரிந்தார். சீனி 70க்குக் கீழே இறங்கியிருந்தது. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் தெளிந்தார். இரத்தம் எடுத்து, சாப்பிட்ட பிறகே சீனி மருந்து என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் இருந்திருந்தால் இது நடந்திராது. இப்போது அதை அவருடைய கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் என்னிடம் போனில் சீனி அளவைத்தான் கேட்பார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அம்மாவோடு வீடியோவில் பேசும்போது போனைக் கால் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். பாதம், குதி, விரலிடை மூன்றையும் பாருங்கள். சிவப்போ கொப்புளமோ கண்டால் அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம், மறுநாளே கூட்டிக்கொண்டு வர ஓர் ஆளைப் பாருங்கள்.