பின் சீட்டுக்கு ஒரு வண்டி

செப்டம்பர் 21, 2025, ஞாயிறு

மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படைக்கக் காலையிலேயே கோவை துடியலூரிலிருந்து கிளம்பிப் பொள்ளாச்சி போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தோம். போகும்போதும் கிணத்துக்கடவில் நிறுத்தினேன், வரும்போதும் நிறுத்தினேன். நிறுத்தச் சொன்னது மனைவி. இறங்கி, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு பத்து நிமிடம் ரோட்டோரம் நின்றாள். முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

16 வருடமாக இந்தப் பல்சர் 150-இல் ஒரு பக்கமாகவே உட்கார்ந்து வந்திருக்கிறாள். கால்கள் இடப்பக்கம் தொங்க, உடம்பு முன்பக்கம் திரும்ப, முதுகெலும்பு முறுக்கிக்கொண்டே கிட்டத்தட்ட 50 கிலோமீட்டர். பிசியோதெரபி டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார்: "இனி ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்க." சுடிதார் போட்டு முயன்று பார்த்தாள். பல்சரின் பின் சீட் உயரமானது, அகலமும் குறைவு. கால் தாண்டவில்லை.

புது வண்டி வாங்க வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்று முடிவு செய்துவிட்டோம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மெக்கானிக் பெரியவரிடம் பல்சரைக் காட்டினேன். சைலன்சரில் கை வைத்துப் பார்த்தார், விரலில் ஆயில் கறை. "போர், பிஸ்டன் மாத்தினா இன்னும் நாலு வருசம் ஓடும் தம்பி. ஆனா உனக்கு வேண்டியது அது இல்லையே" என்றார். இவருக்கு என் வண்டி மட்டுமல்ல, என் வீட்டு நிலவரமும் தெரியும்.

நேற்றிலிருந்து ஜிஎஸ்டி மாறியிருக்கிறது. 350 சிசி வரை உள்ள வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆகிவிட்டது. அதற்கு மேல் போனால் 40. எனவே எங்கள் கணக்கும் 350-க்குள் நிற்பதுதான் நியாயம். விலையோடு ஆயுள் வரியும் சேரும். தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு அது 12 சதவீதம். ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸும் கட்டாயம். ஷோரூம் பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது, ஆன் ரோடு எவ்வளவு என்றுதான் கேட்க வேண்டும்.

செப்டம்பர் 27, சனி

புரட்டாசி இரண்டாம் சனி. காரமடை ரங்கநாதர் கோவிலுக்குப் போகும் கூட்டத்தில் மேட்டுப்பாளையம் ரோடு நிரம்பி வழிந்தது. அந்த நெரிசலில்தான் முதல் டெஸ்ட் ரைடு: ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350.

லைசென்ஸை போட்டோ எடுத்துக்கொண்டார்கள், போன் நம்பர் வாங்கினார்கள். சேல்ஸ் தம்பி பின்னால் ஏறிக்கொண்டார். மொத்தம் 3 கிலோமீட்டர். எனக்கு வண்டி ரொம்பப் பிடித்துவிட்டது. 181 கிலோ, 17 அங்குல வீல், நெரிசலில் பல்சரைப் போலவே வளைந்து கொடுக்கிறது. 349 சிசி இன்ஜின், நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர் இழுவிசை. மூன்றாவது கியரில் வேகத்தடை ஏறி இறங்கி அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது, கியர் குறைக்கத் தேவையே இல்லை. உருளையின் விட்டம் 72 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 85.8. விட்டத்தை விட ஓட்டம் நீளம், குறைந்த சுற்றிலேயே இழுப்பது அதன் குணம். நான் கணபதிப் பகுதியில் பம்ப் செட் அசெம்பிளியில் வேலை பார்ப்பவன், இந்த மாதிரி விஷயம் கையில் தட்டுப்பட்டால் மனசு நிறைந்துவிடும்.

வீட்டுக்கு வந்து உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி முழுசாகக் கேட்டுவிட்டு, "பின்னாடி எப்படிங்க இருக்குது?" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்தது 25 வயதுத் தம்பி. எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பட்டறையில் லேத், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து மதியத்தோடு மூடிவிட்டோம். பல்சருக்கும் மாலை போட்டேன். இந்த வண்டிக்கு நான் போடும் கடைசி மாலை இதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன்.

மாலையில் டேப் எடுத்து அளந்தேன். பின் சீட் தரையிலிருந்து 34 அங்குலம். ஆனால் அளக்க வேண்டியது அது மட்டுமில்லை என்று மனைவி ஏறி இறங்கிக் காட்டியபோது புரிந்தது. அவள் முதலில் இடது காலை ஃபுட்ரெஸ்ட்டில் ஊன்றி, வலது காலைத் தூக்கித் தாண்டிப் போட வேண்டும். அப்படியென்றால் ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து சீட் எவ்வளவு உயரம் என்பதுதான் கணக்கு. அது அதிகமானால் ஏற முடியாது, குறைந்தால் உட்கார்ந்தபின் முழங்கால் மடங்கிக் கடுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. எந்த விளம்பரத் தாளிலும் அது அச்சாவதில்லை. ஓட்டுபவர் சீட்டின் உயரத்தைத்தான் எல்லோரும் போடுகிறார்கள்.

இனி எந்த ஷோரூம் போனாலும் டேப்பும் மனைவியும் கூட வருவார்கள்.

அக்டோபர் 4, சனி

ஒரு ஷோரூம். பெயர் வேண்டாம். மனைவி பின்னால் உட்கார்ந்து வரட்டும் என்றேன். "பின்னாடி நாங்கதான் சார் உட்காருவோம். லேடீஸ் உட்கார்ந்து பார்க்க இதுல என்ன சார் இருக்கு?" என்றார் அங்கிருந்தவர். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். வண்டியைத் தொடாமல் வந்துவிட்டோம். இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்குகிற பொருளில் பாதி இடம் அவளுடையது. அதை அவள் உட்கார்ந்து பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று போன இடத்தில் மேனேஜர் நல்ல மனிதர். "நீங்க ரெண்டு பேரும் போங்க, எங்க பையன் ஸ்கூட்டர்ல பின்னாலயே வருவான்" என்று விட்டுவிட்டார். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350.

எங்கள் பெரியப்பா புல்லட் வைத்திருந்தார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து திருவொற்றியூரில் தொடங்கிய கம்பெனி. அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்தப் பெயர் மேல் ஒரு பாசம் எப்போதும் உண்டு. இப்போதைய இன்ஜினில் பேலன்சர் ஷாஃப்ட் வைத்திருக்கிறார்கள், பழைய உதறல் இல்லை. சத்தம் மட்டும் சொந்தக்காரர் குரல் மாதிரி அப்படியே இருக்கிறது.

வெள்ளக்கிணறு பிரிவு பக்கம், குழாய்க்குத் தோண்டி மண் மூடியிருந்த ரோட்டில் வேண்டுமென்றே விட்டேன். "மெத்தை சொகுசாத்தானுங்க இருக்குது" என்றாள். ஆனால் ஏறும்போது என் தோளை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. இன்னொன்று, 195 கிலோ. எங்கள் வீட்டு வாசலில் சாய்வு இருக்கிறது. தினம் காலையில் வண்டியைப் பின்னுக்குத் தள்ளி ஏற்ற வேண்டும். இன்று ஓட்டிய மாடல் ஸ்போக் வீல், டியூப் டயர். பொள்ளாச்சி ரோட்டில் இரவு எட்டு மணிக்குப் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்ற யோசனையும் வந்தது.

இருந்தாலும் மனசு அங்கேயே நிற்கிறது.

அக்டோபர் 11, சனி

வியாழக்கிழமை அவினாசி ரோடு மேம்பாலத்தைத் திறந்துவிட்டார்கள். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர், ஜி.டி.நாயுடு பெயர். மிகப் பொருத்தம். இளம் வயதில் ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஒரு வெள்ளைக்காரரிடம் ரட்ஜ் பைக்கை வாங்கி, அதை முழுசாகப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டியவர் அவர். மோட்டாரும் பம்பும் இந்த ஊருக்குச் சோறு போடுவதற்கு வழி வகுத்தவர்களில் ஒருவர். நான் சாப்பிடும் சோற்றிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பாலத்துக்குக் கீழே ரோடு கொஞ்சம் மூச்சு விடுகிறது. அங்கேதான் ஹோண்டா சிபி 350 ஓட்டினேன். இதுவும் நீள ஓட்ட இன்ஜின்தான், விட்டம் 70 மில்லிமீட்டர், ஓட்டம் 90.5. இழுவிசை கிட்டத்தட்ட 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3,000 சுற்றிலேயே.

பட்டறையில் மோட்டார் ஓடும்போது மேலே ஒரு ரூபாய்க் காசை நிறுத்தி வைத்துப் பார்ப்போம். விழாமல் நின்றால் பேலன்ஸ் சரி. பைக்கில் நான் பார்ப்பது கண்ணாடி. 60, 70, 80 வேகத்தில் பின்னால் வரும் வண்டியின் நம்பரை வாசிக்க முடிகிறதா? இதில் ஒவ்வொரு எழுத்தையும் வாசித்தேன். இன்ஜினாகப் பார்த்தால் நான் ஓட்டியதில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. மனைவியும் "ஓடுதான்னே தெரியலைங்க" என்றாள்.

ஆனால் ஏறும் உயரம் அவளுக்கு ஒத்துவரவில்லை. இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை நடைபாதை மேல் நின்றுகொண்டு ஏறினாள். உயரமான பெண்ணாக இருந்தால் இந்த நாட்குறிப்பு இன்றோடு முடிந்திருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

டிரையம்ப் ஸ்பீடு 400. எங்கள் கணக்குக்கு வெளியே உள்ள வண்டி. பட்டறைத் தம்பி ஒருவன் "ஒரு தடவை ஓட்டிப் பாருங்ணா" என்று கூட்டிக்கொண்டு போனான். 398 சிசி, 40 குதிரைத்திறன், ஆறு கியர். இது குறுகிய ஓட்டம், 89-க்கு 64. முறுக்க முறுக்க ஏறிக்கொண்டே போகிறது. இறங்கும்போது கை லேசாக நடுங்கியது, அவ்வளவு சந்தோஷம். 25 வயதுக்காரன் யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அக்டோபர் 18, சனி

மழை. தீபாவளி நெருக்கத்தில் பட்டறையில் ஆர்டர் முடிக்கும் அவசரம். போனஸ் வந்தது, அதை முன்பணத்துக்கென்று தனியாக எடுத்து வைத்தாயிற்று. ரைடு எதுவும் இல்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350 என் பட்டியலிலேயே இல்லை. காலை முன்னால் நீட்டி உட்காரும் வண்டி எனக்குப் பிடிக்காது. மெக்கானிக் பெரியவர்தான் "பின்னாடி உட்காருற பாப்பாவுக்குத்தானே வண்டி? தாழ்ந்ததா பாரு தம்பி" என்றார். என் மனைவி அவருக்கு இன்னும் பாப்பாதான்.

கிளாசிக்கில் இருக்கும் அதே இன்ஜின். சொல்லப்போனால் 2020-இல் இந்த வண்டியில்தான் அது முதலில் வந்தது. ஓட்டுபவர் சீட் 765 மில்லிமீட்டர், கிளாசிக்கை விட 40 குறைவு. பின் சீட்டும் அதற்கேற்பத் தாழ்ந்து வருகிறது. பின்னால் சாய்மானம் உள்ள மாடல், அலாய் வீல், டியூப்லெஸ் டயர், 15 லிட்டர் டேங்க்.

மனைவி இடது காலை ஊன்றினாள், வலது காலைப் போட்டாள், உட்கார்ந்தாள். அவ்வளவுதான். என் தோளைத் தொடவே இல்லை. சாய்மானத்தில் சாய்ந்து பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் இருந்தாள். "என்னம்மா?" என்றேன். "போங்க, போங்க, ஓட்டுங்க" என்றாள்.

கிளாசிக் ஓட்டக் கொடுத்த அதே மேனேஜர், மறுபடியும் வருகிறோம் என்பதால் அரை மணி நேரம் கொடுத்தார். பெரியநாயக்கன்பாளையம் தாண்டிப் போய்த் திரும்பினோம். எனக்கு இரண்டு குறை. கால் முன்னால் இருப்பதால் குழி வரும்போது எழுந்து நிற்க முடியாது, அடி நேராக முதுகின் அடியில் இறங்குகிறது. குழியை முன்கூட்டியே பார்த்து வேகம் குறைக்கப் பழக வேண்டும். 191 கிலோ என்பதால் வீட்டுச் சாய்வில் தள்ளுவதும் கஷ்டம்தான். ஆனால் சீட் தாழ்ந்திருப்பதால் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் முழுசாக ஊன்றித் தள்ள முடிகிறது. கிளாசிக்கில் அது வரவில்லை.

ராத்திரி சாப்பிடும்போது, "உங்களுக்கு அந்த புல்லட் மாதிரி இருந்ததுதானுங்களே பிடிச்சுது?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்ல விருப்பமில்லை. ஆனால் இன்று அவள் ஏறிய விதத்தைப் பார்த்ததும் அந்த ஆசை எங்கேயோ போய்விட்டது. இதையும் அவளிடம் சொன்னேன்.

நவம்பர் 2, ஞாயிறு

புக்கிங் ஆகிவிட்டது. எக்ஸ்சேஞ்சில் பல்சருக்கு அவர்கள் சொன்ன விலை மனசுக்கு ஒப்பவில்லை. மெக்கானிக் பெரியவர் தன் பேரனுக்காக எடுத்துக்கொள்கிறார், போர் பிஸ்டன் அவரே மாற்றிக்கொள்வார். அந்த வண்டி இன்னும் ஓடும் என்பது நிம்மதி.

நிறம் மகள் தேர்ந்தெடுத்தாள். நீலம்.

நவம்பர் 16, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. நேற்று ஃபுட்ரெஸ்ட் கோணத்தை ஸ்பேனரால் கொஞ்சம் திருத்திக் கொடுத்தேன், அவளுக்கு அரை அங்குலம் வித்தியாசம் தெரிகிறதாம். இன்று பொள்ளாச்சி. முதல் 500 கிலோமீட்டர் பதமாக ஓட்ட வேண்டும் என்பதால் 60-ஐத் தாண்டவில்லை.

கிணத்துக்கடவு வந்ததும் பழக்கத்தில் இடப்பக்கம் ஒதுக்கினேன். குன்றின் மேல் கோவில் தெரிந்தது.

"ஏனுங்க நிறுத்தறீங்க?"

"இடுப்பு?"

"ஒண்ணுமில்லீங்க. அத்தை சாப்பாடு செஞ்சு வெச்சுட்டுக் காத்துட்டிருப்பாங்க, போங்க."