போர்ட்டிகோவில் கார், அடுக்களையில் போன்

காலை ஏழரை மணி. வீட்டுக்காரர் நாகர்கோவில் வடசேரிக்குப் போக போர்ட்டிகோவில் கிடக்கும் காரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். அடுக்களையில் மனைவி தன் நாத்தனாரிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். மகளுக்கு வந்திருக்கும் கல்யாண ஆலோசனை பற்றிய பேச்சு. அரை நிமிடம் கழித்து அவர் காதில் சத்தம் நின்றுவிடுகிறது. சிக்னல் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்கிறார். அதே நேரத்தில் போர்ட்டிகோவில், இரண்டு முன்கதவு ஸ்பீக்கர்களிலும் நாத்தனாரின் குரல்: "மைனி, கேட்டியளா? அம்பது பவுனுக்குக் கொறஞ்சா அவிய சம்மதிக்க மாட்டாவ." மதிலுக்கு அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர் காதிலும் அது விழுகிறது.

காரில் புளூடூத் உள்ள வீடுகளில் அடிக்கடி நடக்கும் விபத்து இதுதான். காரணம் எளிது. என்றோ ஒருநாள் திருச்செந்தூர் போகும் வழியில் பாட்டுப் போடுவதற்காக அந்த அம்மாவின் போனைக் காரோடு சேர்த்திருப்பார்கள். கார் ஸ்டீரியோ அதை மறப்பதில்லை. ஒவ்வொரு முறை உயிர் வரும்போதும், தன் பட்டியலில் உள்ள போன்களை வரிசையாகத் தேடும். புளூடூத்துக்குச் சாதாரணமாக 10 மீட்டர் தூரம் என்பது கணக்கு. திறந்த இடத்தில் அதைத் தாண்டியும் போகும். நம் ஊர் வீடுகளில் போர்ட்டிகோ, சிட்-அவுட், ஹால், அடுக்களை எல்லாமே ஏறக்குறைய அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். செங்கல் சுவர் அலையைக் கொஞ்சம் குறைக்குமே தவிர நிறுத்தாது. ஸ்டீரியோ முழுதாக விழித்துக்கொள்ளப் பத்து முதல் முப்பது விநாடி பிடிக்கும் என்பதால் சாவி திருப்பியதற்கும் சத்தம் போனதற்கும் உள்ள தொடர்பு இரண்டு பேருக்குமே பிடிபடாது. அதற்குள் பேச்சு வெளியே போயிருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஸ்பீக்கரோடு மைக்கும் காருக்கு மாறிவிடுகிறது. காருக்குள் இருப்பவர் "இவளுக வெளங்க மாட்டாளுக" என்று முனகினால் அது நேராக நாத்தனாருக்குப் போகும்.

அந்த நொடியில் செய்ய வேண்டியது: போன் கால் திரையில் ஸ்பீக்கர் பட்டனைத் தொடுங்கள். புளூடூத் இணைப்பு இருக்கும்போது அது காரின் பெயர், போன், ஸ்பீக்கர் என்று பட்டியல் காட்டும். ‘போன்’ என்பதைத் தொட்டால் சத்தம் காதுக்குத் திரும்பும். காரில் இருப்பவருக்கு இன்னும் சுலபம். வண்டியை அணைத்துக் கதவைத் திறந்தால் போதும். "உன் போனு இங்க பேசுது" என்று உள்ளே பார்த்துக் கூவினால் மதிலுக்கு அப்பால் இருப்பவர் இன்னும் கூர்ந்து கேட்பார்.

நிரந்தரத் தீர்வு, ஓட்டாதவரின் போனிலிருந்து கால் வசதியை மட்டும் பிரித்து எடுத்துவிடுவது. புளூடூத் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வதற்குள் பல தனித்தனி வழிகள் இருக்கின்றன. கால் போவது ஹேண்ட்ஸ்ஃப்ரீ வழி, பாட்டு போவது மீடியா வழி, தொடர்பு எண்கள் போவது போன்புக் வழி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸில் கனெக்டட் டிவைசஸ் போய், காரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் தெரியும். ‘போன் கால்ஸ்’ என்பதை அணைத்துவிட்டு மீடியாவை விட்டுவிட்டால் பாட்டு வரும், கால் வராது. ஐபோனில் இப்படி ஒரு காருக்கு மட்டும் போன் காலை அணைக்கும் சுவிட்ச் கிடையாது. ‘ஃபர்கெட் திஸ் டிவைஸ்’ கொடுத்துக் காரையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் உறுதியான வழி. மேலிருந்து இழுக்கும் கன்ட்ரோல் சென்டரில் புளூடூத் குறியைத் தொட்டால் அணைந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்போதைக்கு இணைப்பைத் துண்டிக்கும், அவ்வளவுதான். மறுநாள் காலை 5 மணிக்குத் தானாகவே பழைய நிலைக்கு வந்துவிடும். ராத்திரி அணைத்தது காலை ஏழரைக்கு எப்படிச் சேர்ந்தது என்ற கேள்விக்கு விடை இது. ஆண்ட்ராய்டு 15 முதல் சில போன்களிலும் ‘நாளை தானாக ஆன் ஆகட்டும்’ என்ற தேர்வு உண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கண்ணாடி. ஏற்றிவிட்டால் சத்தம் வெளியே போகாது என்ற நம்பிக்கை தவறு. கார் ஸ்பீக்கர்கள் இருப்பது கதவுக்குள். ஸ்பீக்கரின் முன்பக்கம் நம்மை நோக்கி இருந்தாலும் பின்பக்கச் சத்தம் முழுவதும் கதவின் வெளித்தகட்டில் மோதுகிறது. அந்தத் தகடு மேளத்தோல் போல அதிர்ந்து வெளியே பேசும். அதனால் காருக்கு வெளியே நிற்பவருக்கு, ஓட்டுகிறவர் பேசுவதைவிட எதிர்முனையில் இருப்பவர் பேசுவதுதான் தெளிவாகக் கேட்கும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது, ஒரு முழம் தள்ளி நிற்கும் இருசக்கர வாகனக்காரருக்கு உங்கள் சீட்டுப் பணம், வட்டிக் கணக்கு, ஆஸ்பத்திரி ரிசல்ட் எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் ஏசி காற்றுச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருப்பதால் உங்களுக்கு அது உறைக்காது.

இதைச் சோதிக்க இரண்டு பேரும் ஐந்து நிமிடமும் போதும். ஒருவர் வீட்டுக்குள் இருந்து காரில் இருப்பவரைக் கூப்பிட்டு, சாதாரணக் குரலில் ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்ண வேண்டும். காரில் இருப்பவர் பதில் பேசிவிட்டு, போனைக் காரிலேயே வைத்து, இறங்கிக் கதவைச் சாத்தி இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கதவைத் திறந்ததும் ஸ்டீரியோ அணைந்துவிடும் வண்டியானால் மூன்றாவது ஆளை உள்ளே உட்கார வையுங்கள். எண்கள் தெளிவாகக் கேட்டால் கால் வால்யூம் அதிகம். பாட்டு வால்யூம் வேறு, கால் வால்யூம் வேறு, ரிங் வால்யூம் வேறு. ஸ்டீரியோ மூன்றையும் தனித்தனியாக நினைவில் வைக்கும். பாட்டை எவ்வளவு குறைத்தாலும் கால் வந்ததும் பழைய உச்சத்துக்கே போவது இதனால்தான். பல வண்டிகளில் கால் ஓடிக்கொண்டிருக்கும்போது குறைத்தால்தான் கால் வால்யூம் குறையும். எண்கள் வெளியே வெறும் முணுமுணுப்பாகக் கேட்கும் அளவு வரை இறக்குங்கள்.

அந்த அளவில் உள்ளே கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் ஏசி காற்றாடி மேல்தான். வேகம் நான்கில் சுழலும்போது நாம் வால்யூமை ஏற்றுகிறோம். அதே காற்று மைக்கில் அடிப்பதால் எதிர்முனைக்காரர் தானும் கத்துகிறார், அதைக் கேட்டு நாமும் கத்துகிறோம். போன் காலை எடுப்பதற்கு முன் காற்றாடியை ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறக்கி, நடுத் துவாரத்தை மைக் பக்கமிருந்து திருப்பிவிட்டால் இரண்டு பக்கமும் குரல் தணிந்துவிடும். வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோவில் மைக் முகப்பிலேயே ஒரு சிறு துளையாக இருக்கும், காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே. கூடவே வரும் தனி மைக்கை கண்ணாடித் தூண் ஓரமாகவோ சன்வைசரிலோ மாட்டச் சொல்லுங்கள். பல கடைகளில் அந்த மைக்கை டப்பாவுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள்.

மியூட் பட்டனில் தனி ஆபத்து இருக்கிறது. ஸ்டியரிங்கில் ஸ்பீக்கர் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்ட பட்டன் பல வண்டிகளில் நமக்கு வரும் சத்தத்தை மட்டுமே நிறுத்தும், மைக் திறந்தே இருக்கும். சில வண்டிகளில் அதே பட்டன் கால் சமயத்தில் மைக்கை மூடும். உங்கள் வண்டியில் எது என்பதை இன்னொரு போனை வைத்துச் சோதித்தே தெரிந்துகொள்ள முடியும். மாமனார் லைனில் இருக்கும்போது மியூட் அமுக்கிவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் அவரைப் பற்றிச் சொல்லும் ஒரு வார்த்தை, பத்து வருட உறவைக் கெடுக்கும். பேச்சு முடிந்ததும் "வைக்கேன்" என்று சொன்னால் கால் கட் ஆகாது. எதிரில் இருப்பவர் வைப்பார் என்று இருவருமே காத்திருப்பார்கள். திரையில் நேரம் ஓடுவது நின்று பாட்டு திரும்பி வரும் வரை கால் உயிரோடு இருக்கிறது என்றே கொள்ளுங்கள். பச்சை போன் பட்டனை இரண்டு முறை அமுக்கினால் கடைசியாகப் பேசிய எண்ணுக்கே மறுபடி அடிக்கும் வண்டிகளும் உண்டு. வளைவில் ஸ்டியரிங்கைச் சுற்றும்போது விரல் பட்டாலே போதும்.

சாவியை எடுத்த பிறகும் பேசும் கார்கள் இருக்கின்றன. கம்பெனியிலிருந்து வரும் பல வண்டிகளில் எஞ்சின் அணைந்தாலும் ஓட்டுநர் கதவு திறக்கும் வரை ஸ்டீரியோவுக்கு மின்சாரம் இருக்கும். இடது கதவு வழியாக இறங்கினாலோ, ஓட்டுநர் இறங்காமல் உட்கார்ந்திருந்தாலோ உங்கள் கால் காருக்குள் தொடரும். கடையில் மாற்றிப் பொருத்திய ஸ்டீரியோவில் வேறு கோளாறு வரும். அதன் பின்னால் மூன்று முக்கிய ஒயர்கள்: மஞ்சள் எப்போதும் பேட்டரியின் 12 வோல்ட், சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த். சாவி வழி லைனைத் தேட நேரம் எடுக்கும் என்று மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. சாவி இல்லாமல் பாட்டுக் கேட்க வாடிக்கையாளரே அப்படிக் கேட்பதும் உண்டு. விளைவு, ஸ்டீரியோ ஒருபோதும் தூங்காது. நீங்கள் போர்ட்டிகோ பக்கம் நடந்தாலே போன் அதோடு சேர்ந்துகொள்ளும், பேட்டரியும் இறங்கும். வண்டியைப் பூட்டிக் கால் மணி நேரம் கழித்து, அதன் பக்கத்தில் நின்று போனின் புளூடூத் பட்டியலைப் பாருங்கள். காரின் பெயருக்குக் கீழே ‘கனெக்டட்’ என்று இருந்தால் ஒயர் அப்படித்தான் முறுக்கப்பட்டிருக்கிறது. சிவப்பைப் பிரித்துச் சாவி வழி லைனில் ப்யூஸோடு கொடுக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிற எலக்ட்ரீசியனுக்கு இது சின்ன வேலை.

இனி வாடகை வண்டி. கல்ஃபிலிருந்து வருகிறவரை அழைக்கத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போகும் கார், கல்யாணத்துக்குப் பிடிக்கும் கார், களியக்காவிளைக்கு அந்தப் பக்கமிருந்து வாங்கிவரும் பழைய கேரளப் பதிவு வண்டி, எல்லாவற்றிலும் இதே கதைதான். பாட்டுக்காகப் போனைச் சேர்க்கும்போது ‘கான்டாக்ட்ஸ், கால் ஹிஸ்டரி பார்க்க அனுமதிக்கவா?’ என்று போன் கேட்கும். அவசரத்தில் ‘அலவ்’ கொடுத்தால் உங்கள் போனில் உள்ள மொத்தப் பெயர்களும் சமீபத்தில் பேசிய எண்களும் அந்த வண்டிக்கு நகலாகப் போய்விடும். சில ஸ்டீரியோக்கள் போன் பிரிந்ததும் பட்டியலை மறைக்கும். மறைத்தது அழிந்ததாகாது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2016லேயே வாடகைக் கார்கள் பற்றி இதே எச்சரிக்கையைக் கொடுத்தது. சார்ஜ் மட்டும் வேண்டுமானால் காரின் யூஎஸ்பியில் குத்தாமல் 12 வோல்ட் சாக்கெட்டில் அடாப்டர் போடச் சொன்னதும் அதில் உண்டு.

ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டால் இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும். போனில் ‘ஃபர்கெட்’ கொடுப்பது போனின் நினைவை மட்டுமே அழிக்கும். காரின் திரையில் செட்டிங்ஸ், புளூடூத், பெயர்ப் பட்டியல் போய் உங்கள் போனின் பெயரை நீக்குங்கள். அந்தப் பட்டியலில் ஏழெட்டுப் பேரின் போன் பெயர்கள் ஏற்கெனவே கிடக்கும், பார்த்தாலே விஷயம் புரியும். சொந்த வண்டியை விற்கும்போது ‘ஃபேக்டரி ரீசெட்’ கொடுத்துவிடுங்கள்; மேப்பில் சேமித்த வீட்டு முகவரியும் அதில் போய்விடும். பழைய வண்டி வாங்குகிறவர்களும் முதல் வேலையாக அதைச் செய்வது நல்லது, முந்தைய உரிமையாளருக்குச் செய்யும் மரியாதை அது.

வெளியாள் புளூடூத் வழியாக ஒட்டுக்கேட்பானா என்று கேட்பவர்கள் உண்டு. போனைச் சேர்க்க 0000, 1234 என்ற பொது எண்ணை நம்பியிருந்த, காரில் பொருத்தும் பழைய ஹேண்ட்ஸ்ஃப்ரீ கருவிகளில் அது முடியும் என்று 2005ல் ‘கார் விஸ்பரர்’ என்ற மென்பொருள் காட்டியது. 2007ல் வந்த புளூடூத் 2.1க்குப் பிறகு இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் தெரிந்து, ஒத்துப்போனால் சேர்க்கும் முறை வந்தது. மலிவு ஸ்டீரியோ இன்னும் 0000 கேட்டால், மெனுவில் அந்த எண்ணை மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் இந்த வகை ஆளைவிட, பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன்.

பின் சீட்டுக்கு இரண்டு விஷயம் போகும். ஒன்று திரையில் பெரிய எழுத்தில் வரும் பெயர். ‘நகைக்கடன் மேனேஜர்’ என்று சேமித்தால் அப்படியே வரும். இன்னொன்று வாசிக்கப்படும் மெசேஜ். போனைக் காரின் திரையில் காட்டும் வசதிக்கு ஆண்ட்ராய்டில் ஆண்ட்ராய்ட் ஆட்டோ என்றும் ஐபோனில் கார்ப்ளே என்றும் பெயர். ஆண்ட்ராய்ட் ஆட்டோவின் செட்டிங்ஸில் மெசேஜ் அறிவிப்புகளையும், ஐபோனில் ‘அனவுன்ஸ் நோட்டிஃபிகேஷன்ஸ்’ பகுதியில் கார்ப்ளே சுவிட்சையும் அணையுங்கள். ஆண்ட்ராய்ட் ஆட்டோவைக் கேபிளில் மாட்டினாலும் கால் புளூடூத் வழியாகத்தான் போகும் என்பதை நினைவில் வையுங்கள். வேறு ஊரில் என்றால் சட்டென்று மலையாளத்துக்கு மாறித் தப்பிக்கலாம். குமரியில் அது நடக்காது, ஓட்டுநர் முதல் குழந்தை வரை எல்லோருக்கும் புரியும்.

முன்கண்ணாடியில் மாட்டும் டேஷ்கேமைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மைக் உள்ள கேமரா காருக்குள் நடக்கும் காலின் இரண்டு பக்கத்தையும் மெமரி கார்டில் பதிந்துவிடும். கார்டு நிறைந்து மேலெழுதும் வரை அது அங்கே இருக்கும். திரையில் மைக் படத்தைத் தொட்டு அணைத்தால் படம் மட்டும் பதியும்.

இவ்வளவு செய்தும் ஒரு ஆளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது, எதிர்முனையில் பேசுகிறவருக்கு. தன் குரல் நான்கு பேர் நடுவில் ஒலிக்கிறது என்று அவர் அறிய வழியில்லை. தன் கடனையோ நோயையோ நம்மை நம்பித்தான் சொல்லத் தொடங்குகிறார். எடுத்தவுடன், அவர் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டியது இது: "அக்கா, வண்டியில ஆளு உண்டு, ஸ்பீக்கர்ல கேக்குது. பொறவு விளிக்கேன்."