கெண்டைக்கு என்ன இரை போடலாம்? புதிதாகத் தூண்டில் பிடிப்பவர்களுக்கு

தூண்டில் வாங்கிய கையோடு எல்லாரும் கேட்பது, "எந்த இரை நல்லது?" என்றுதான். அதற்கும் முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் ஏரியில் இருக்கும் மீன் எந்த மட்டத்தில் மேய்கிறது என்பது. நம் ஏரி, கண்மாய்களில் குஞ்சு விட்டு வளர்ப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால், அப்புறம் சாதா கெண்டை. கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்தண்ணீரில் மேயும். ரோகு நடுத்தண்ணீர். மிர்காலும் சாதா கெண்டையும் தரையைக் கிளறித் தின்பவை. குத்தகைக்காரரிடம் அனுமதி கேட்கும்போதே என்ன குஞ்சு விட்டிருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

ஆரம்பத்தில் தரையில் மேய்பவற்றையே குறிவையுங்கள். கடையில் விற்கும் வாசனை எசன்ஸ் எதுவும் வேண்டாம், கடலைப் புண்ணாக்கு போதும். அதை இடித்துச் சலித்து, அதே அளவு கோதுமை மாவு சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துச் சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையுங்கள். சுண்டைக்காய் அளவு உருட்டி, முள்ளின் நுனி லேசாக வெளியே தெரியும்படி குத்தி, முதலில் கரையோரத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். மேல்பகுதி மட்டும் மெல்லக் கரைந்து கலங்கலாகப் பரவ வேண்டும், உருண்டை முள்ளில் நிற்க வேண்டும். சீக்கிரம் உதிர்ந்தால் கோதுமை மாவைக் கூட்டுங்கள், கரையவே இல்லையென்றால் புண்ணாக்கைக் கூட்டுங்கள். இந்தப் பக்குவம் கைக்கு வந்துவிட்டால் வேறு இரையைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

மண்புழுவும் நல்ல இரைதான், ஆனால் ஜிலேபி மீனும் கெளுத்தியும் முந்திக்கொள்ளும். அந்தத் தொல்லை இருந்தால் மக்காச்சோளம் போடலாம். காய்ந்த சோளமென்றால் இரவெல்லாம் ஊறவைத்து நன்றாக வேகவைத்த பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும், வேகாத தானியம் மீனின் வயிற்றுக்குள் ஊதிக் கெடுதல் செய்யும்.

மாட்டும் முறையில் சிக்கலே வேண்டாம். ஒரு மயிலிறகுத் தண்டு தக்கை, 8-ம் நம்பர் முள், முள்ளிலிருந்து நாலு விரற்கடை மேலே ஒரே ஒரு ஈயக்குண்டு. குண்டு தரையைத் தொட்டு நிற்கும்படி தக்கையை ஏற்றி இறக்கி ஆழம் பாருங்கள், இதற்குப் பத்து நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. கெண்டை இரையை உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். அப்போது தக்கை நடுங்கும், இழுக்காதீர்கள். இரையோடு மீன் தலையைத் தூக்கினால் குண்டும் தரையை விட்டு எழும்பும், தக்கை மேலே வந்து படுத்துக்கொள்ளும். அப்போது தூண்டிலைச் சுண்டி இழுங்கள். நேராக உள்ளே போனாலும் சுண்டலாம்.

உறிஞ்சித் துப்பும் இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் 1980 வாக்கில் இங்கிலாந்தில் லென்னி மிடில்டனும் கெவின் மேடாக்ஸும் ஹேர் ரிக்கை உருவாக்கினார்கள். அதில் முள் வெறுமனே இருக்கும், இரை தனி நரம்பில் தொங்கும், மீன் துப்பும்போது முள் உதட்டில் மாட்டும். சோளத்துக்கு அருமையான முறை, ஆனால் தக்கையைப் படிக்கப் பழகிய பிறகு போதும்.

மீனை வரவழைக்கத் தவிடும் புண்ணாக்கும் கலந்து தூண்டில் போடும் இடத்தில் தூவும்போது ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம். கடி வந்தால் இன்னொரு கைப்பிடி. ஒரு மணி நேரமாகத் தக்கை அசையவே இல்லையென்றால் இரையை மாற்றாதீர்கள், இடத்தை மாற்றுங்கள், தரையிலிருந்து சின்னச் சின்னக் குமிழ் வரும் பக்கமாக.