‘ஆப்பிரிக்கப் பெண்’ என்று ஒருத்தி இல்லை

சில மாதங்களாக ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது, எது ஆபத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். பத்துக் கட்டுரை தாண்டியதும் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். ஏனென்றால் கட்டுரைக்குக் கட்டுரை ‘ஆப்பிரிக்கப் பெண்’ என்ற சொல் வேறு வேறு ஆட்களைக் குறிக்கிறது. சிகாகோவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணும் அவள்தான், நைஜீரியாவின் இபதானில் இருப்பவளும் அவள்தான், எத்தியோப்பியாவில் இருப்பவளும் அவள்தான். ஓரிடத்தில் கிடைத்த எண்ணை எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

‘ட்ரிப்பிள் நெகடிவ்’ வகையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, கட்டியை வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம், இந்த மூன்றுமே சோதனையில் ‘இல்லை’ என்று வரும் கட்டி அது. ஹார்மோன் மாத்திரைக்கு மசியாது, வேகமாகவும் வளரும். ‘ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கு இது அதிகம்’ என்று எங்கே பார்த்தாலும் ஒரு வரி இருக்கும். ஆனால் கானாவையும் எத்தியோப்பியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கானா நோயாளிகளில் பாதிக்கு மேல் இந்த வகை, எத்தியோப்பிய நோயாளிகளில் சுமார் 15 சதவீதம்தான். ஒரே கண்டம், இவ்வளவு வித்தியாசம்! அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முன்னோர்களில் பெரும்பாலோர் அடிமை வணிகத்தில் மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். அதனால் அவர்களைப் பற்றிய கண்டுபிடிப்பு கானாவுக்குக் கொஞ்சம் பொருந்தலாம், எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு ஏன் பொருந்த வேண்டும்?

இதற்குப் பின்னால் மலேரியாவும் இருக்கலாம் என்கிறார்கள், அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. சிவப்பணுவின் மேல் டஃபி என்று ஒரு புரதம் உண்டு. வைவாக்ஸ் மலேரியாக் கிருமி உள்ளே நுழைய அதைத்தான் பிடித்துக்கொள்ளும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லோருக்குமே அந்தப் புரதம் சிவப்பணுவில் இருக்காது, எத்தியோப்பியாவில் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஒரு காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய அந்த மரபணு மாற்றமே ட்ரிப்பிள் நெகடிவ் கட்டியோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்று அமெரிக்க மார்பகப் புற்றுநோய் அறுவை மருத்துவர் லிசா நியூமன் போன்றவர்கள் ஆராய்ந்து வருகிறார்கள். முடிவாகச் சொல்லும் கட்டத்துக்கு இன்னும் வரவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் மரபணு தலையில் கட்டிவிடவும் முடியாது. கட்டியிலிருந்து எடுத்த சதையை உடனே ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும். மணிக்கணக்கில் அப்படியே கிடந்தாலோ, ஃபார்மலின் சரியான அளவில் இல்லாவிட்டாலோ, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி சிதைந்துபோகும், சோதனையில் ‘இல்லை’ என்று வரும். உண்மையில் ஹார்மோன் மாத்திரை கேட்கக்கூடிய நோய், காகிதத்தில் ட்ரிப்பிள் நெகடிவ் ஆகிவிடும். சதையை மெழுகில் பதித்து வருடக்கணக்காக அலமாரியில் வைத்திருந்த மாதிரிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் ஏற்பி உள்ளவர்களின் விகிதம் குறைவாகவும், அப்போதைக்கப்போது எடுத்துப் பதப்படுத்திச் சோதித்த ஆய்வுகளில் அதிகமாகவும் வருவது தற்செயல் இல்லை.

வயதும் இப்படித்தான். ‘ஆப்பிரிக்காவில் இது இளம் பெண்களின் நோய்’ என்று நானே ஒரு காலத்தில் நம்பினேன். மருத்துவமனைக்கு வருபவர்களில் நிறையப் பேர் ஐம்பதுக்குக் கீழ் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கண்டத்தின் இடைநிலை வயது ஏறக்குறைய 19, அதாவது பாதிப் பேர் அதற்கும் இளையவர்கள்! வயதானவர்களே குறைவாக இருக்கும் இடத்தில் நோயாளிகளும் இளையவர்களாகத்தான் இருப்பார்கள். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தனியாக விகிதம் போட்டால், அங்கும் வயது ஏற ஏறத்தான் ஆபத்து ஏறுகிறது. உகாண்டாவின் கம்பாலா, இபதான் போன்ற இடங்களில் பல பத்தாண்டுகளாகப் புற்றுநோய்ப் பதிவேட்டை எழுதிவந்தவர்கள் இல்லையென்றால் இந்தக் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது. அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தாய்ப்பால் விஷயத்தில் மட்டும் ஓரளவு தெளிவு இருக்கிறது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் வந்த பெரிய கணக்கின்படி, பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஆபத்து 4.3 சதவீதம் குறைகிறது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் தனியாக 7 சதவீதம். இபதானில் நடந்த ஓர் ஆய்விலும் பால் கொடுப்பது காப்பதாகவே வந்தது. அப்புறம் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் பார்த்தபோது, பிள்ளை பெற்றுப் பால் கொடுக்காதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத வகை கூடுதலாக வந்தது. ஆக, ‘நிறையப் பிள்ளை பெற்றால் நல்லது’ என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அக்ராவிலும் குமாசியிலும் நடந்த கானா மார்பக நல ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதன் கேள்விகள்தான். அங்கே பெண்கள் அன்றாடம் பயன்படுத்தும் பொருட்களைப் பற்றியே கேட்டார்கள்: முடியை நேராக்கும் ரிலாக்ஸர், சருமத்தை வெளுப்பாக்கும் கிரீம். நோயுள்ள 1,131 பேர், இல்லாத 2,106 பேர். ரிலாக்ஸர் போட்டவர்களிடம் நோய் கூடுதலாகத் தெரிந்தது, கிரீமுக்கு அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. ஐரோப்பாவில் தயாரித்த கேள்வித்தாளை அப்படியே கொண்டுபோயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கேள்வித்தாள் என்றதும் இன்னொன்று. ‘முதல் மாதவிடாய் வந்தபோது என்ன வயது?’ என்பது எல்லா ஆய்விலும் இருக்கும். பிறந்த தேதியே பதிவாகாத ஒரு மூதாட்டி இதற்கு என்ன பதில் சொல்வார்? ‘உள்நாட்டுப் போர் தொடங்கும்போது நீங்கள் பெரிய மனுஷி ஆகியிருந்தீர்களா?’ என்று ஊரறிந்த சம்பவத்தோடு முடிச்சுப் போட்டுத்தான் கேட்க வேண்டும். நைஜீரியாவில் 1967, கானாவில் சுதந்திரம் வந்த 1957. பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மொழியில், பொறுமையாக ஒருவர் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம்தான் அது அட்டவணையில் ‘13’ என்று ஒரு எண் ஆகிறது.

இப்போது இபதானில் ஃபன்மிலாயோ ஒலோபாடே குழுவினர் 2018-இல் வெளியிட்ட மரபணு ஆய்வில் நிற்கிறேன். மார்பகப் புற்றுநோய் உள்ள 1,136 பெண்களைச் சோதித்ததில் 14.7 சதவீதத்தினருக்கு, ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவருக்கு, பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் இருந்தது! அதில் பிஆர்சிஏ1 என்ற ஒரே மரபணுவில் மாற்றம் உள்ளவர்கள் மட்டுமே 7 சதவீதம். அந்த ஏழில் ஒருவருக்குத் தங்கை இருந்தால், மகள் இருந்தால், அவர்களுக்கும் அதே மாற்றம் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர்களுக்கு இன்னும் கட்டி வரவில்லை. அவர்களைத் தேடிப் போய்ச் சொன்னவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அடுத்த கட்டுரையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.