வரிசை இல்லாத கடையில் யாருடைய முறை?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான எங்கள் சென்டருக்கு வரும் பெற்றோர் முதல் நாள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "பேச்செல்லாம் நல்லா வந்துடுச்சு மேடம். ஆனா யார்கூடவும் பழகத் தெரியல." கூடவே ஒரு பட்டியலும் வரும். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களை 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் காதைப் பொத்திக்கொண்டு ஓடக் கூடாது.

இதையெல்லாம் பழக்கிவிட முடியும் என்பதுதான் எனக்குக் கவலை. 'வாங்க' என்று சொல்லப் பழகிய பிள்ளை, கூரியர் கொண்டு வந்தவரையும், மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரையும், மாடி வீட்டுக்குப் படியேறுகிறவரையும் 'வாங்க' என்பான். யாரை, எப்போது, எதற்காக அப்படிக் கூப்பிடுகிறோம் என்பது அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. சென்னையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியராக, இத்தனை வருடங்களில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான்: நடந்துகொள்ளும் விதத்தைப் பழக்குவதற்கு முன்னால், எதிரே இருப்பவர் மனதில் இப்போது என்ன ஓடுகிறது என்று யோசிக்கச் சொல்லித்தர வேண்டும். அந்த யோசனை பிள்ளையின் தலையில் மட்டும் ஏற்றும் சுமையாகவும் இருக்கக் கூடாது. எதிரே இருப்பவருக்கும் அதில் பாதி உண்டு.

எங்கள் படிப்பில் ஒரு சோதனையைப் பற்றிச் சொல்லாமல் யாரும் பாடத்தைத் தொடங்குவதில்லை. 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃப்ரித் மூவரும் லண்டனில் செய்தது. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் போட்டுவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறது. திரும்பி வரும் சாலி கோலியை எங்கே தேடும்? ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதன் பிறகு பல வருடங்கள் ஆட்டிசம் என்றாலே 'அடுத்தவர் மனம் தெரியாதவர்கள்' என்ற பேச்சு நிலைத்துவிட்டது.

என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் இந்தக் கேள்விக்குச் சரியாகவே பதில் சொல்கிறார்கள். மேசைமேல் இரண்டே பொம்மை, நிதானமாகக் கேட்ட கேள்வி, யோசிக்கப் போதிய நேரம் இருந்தால் சிரமமில்லை. பள்ளி இடைவேளையில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசி, ஒருவன் கிண்டல் செய்து, இன்னொருவன் பாதியில் எழுந்து ஓடும்போதுதான் தடுமாறுகிறார்கள். யோசிக்கத் தெரிந்தவர்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்காமல் போகிறது. கலிஃபோர்னியாவில் ஸ்பீச் தெரபிஸ்டாக இருந்த மிஷேல் கார்சியா வின்னர் 1990களின் நடுவில், அடுத்தவர் மனதை யோசிக்கச் சொல்லித்தரும் தன் முறையை உருவாக்கத் தொடங்கியதும் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான்; நன்றாகப் படிப்பார்கள், நன்றாகப் பேசுவார்கள், ஆனால் கூட்டத்தில் தனித்துப் போய்விடுவார்கள். மிச்சிகனில் ஆசிரியையாக இருந்த கேரல் கிரே, குச்சி மனிதர்களை வரைந்து, பேசியது ஒரு குமிழியிலும் நினைத்தது இன்னொரு குமிழியிலுமாக எழுதிக் காட்டும் வழியைக் கொண்டுவந்தார். என் வகுப்பில் அதிகம் செலவாகும் பொருள் ஒயிட்போர்டு மார்க்கர் என்றால் அதற்குக் காரணம் அவர்தான். நினைப்பது எழுதப்படும் குமிழியை நாங்கள் 'மேகம்' என்போம்.

ஒரு எட்டாம் வகுப்புப் பையன். மாநகரப் பேருந்துகளின் தடம் எண்கள் அத்தனையும் அவனுக்கு மனப்பாடம். யாரைப் பார்த்தாலும், "29சி பெரம்பூர்லேருந்து பெசன்ட் நகர் போகும். நீங்க போயிருக்கீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பான். வகுப்பில் பக்கத்து பெஞ்ச் பையன் ஒருநாள் பதில் சொல்லாமல் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். அன்று மாலை எங்கள் போர்டில் இரண்டு குச்சி மனிதர்கள். நண்பனின் மேகத்தில் என்ன இருந்திருக்கும் என்று கேட்டேன். யோசிக்காமல் '29சி' என்று எழுதினான்.

"அவன் அப்ப எங்க பார்த்துட்டிருந்தான்?"

"கேன்டீன் பக்கம்."

"கையில என்ன இருந்துச்சு?"

"பத்து ரூபா நோட்டு."

"பெல் அடிக்க எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"நாலு நிமிஷம்." நேரத்தை அவன் ஒருபோதும் உத்தேசமாகச் சொல்ல மாட்டான்.

போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு 29சியைக் கையாலேயே அழித்துவிட்டு, 'சமோசா தீர்ந்துடுமா' என்று எழுதினான். எழுதி முடித்ததும் என்னைப் பார்க்காமல் கேட்டான்: "அப்ப நான் அவன்கிட்ட எப்ப சொல்றது?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. 'எப்போதும் பஸ்ஸைப் பற்றியே பேசாதே' என்று அவனிடம் நிறையப் பேர் சொல்லியிருக்கிறார்கள். அது அவனிடமிருந்து அவனுக்குப் பிடித்ததைப் பறிப்பது. எப்போது சொன்னால் கேட்பவன் காதில் விழும் என்று அவனே தேட ஆரம்பித்தது வேறு. சமோசா வாங்கிக்கொண்டு திரும்பி நடக்கும் நேரம் நல்ல நேரம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

கண்ணைப் பார்க்கச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. கண்ணைப் பார்க்கும்போது காதில் விழுவது புரியாமல் போகிறது என்றும், உடம்பே கூசுகிறது என்றும் ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களானவர்கள் எழுதியும் பேசியும் வருகிறார்கள். போதாக்குறைக்கு, பெரியவர்கள் திட்டும்போது கண்ணைப் பார்த்தால் 'என்ன மொறைக்கிற?' என்று கேட்கும் ஊர் இது. எதிரே இருப்பவரின் கை எங்கே இருக்கிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எதைப் பார்க்கிறார் என்று கவனித்தாலே வேண்டிய சேதி கிடைத்துவிடும். பத்து ரூபாய் நோட்டைக் கவனித்தவனுக்குக் கண் தேவைப்படவில்லை.

வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை அப்படியே இங்கே கொண்டுவந்து நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 'உன் முறை வரும்வரை காத்திரு' என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். படத்தில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். எங்கள் தெரு மளிகைக் கடையில் வரிசையே கிடையாது. சாயங்காலம் கடை முன்னால் ஏழெட்டுப் பேர் அரைவட்டமாக நிற்பார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் கேட்பார்கள். கடைக்காரர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பார். என்னிடம் வரும் பதினாலு வயதுப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கால் கிலோ உளுந்து வாங்கிவர அந்தக் கடைக்கு அனுப்பினார். ரொம்ப நேரமாகியும் ஆளைக் காணோம் என்று போய்ப் பார்த்தால், பையைப் பிடித்தபடி ஓரமாக நின்றுகொண்டிருக்கிறாள். பள்ளியில் சொல்லித்தந்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். முறை வரவில்லை, காத்திருக்கிறாள்.

எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டி நிற்கும் இடத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். கையில் நோட்டும் பேனாவும். வாங்க வேண்டாம், பேச வேண்டாம், பார்த்து எழுதினால் போதும்: யாருக்கு முதலில் சாமான் கிடைக்கிறது, ஏன்? சில சாயங்காலங்கள் இப்படியே போயின. அவள் எழுதியதிலிருந்து கொஞ்சம்:

'ஒரே ஒரு பொருள் கேட்பவர்களுக்கு உடனே கொடுக்கிறார். பால், ஷாம்பு. லிஸ்ட் வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில்.'

'பணத்தை நீட்டும் கையை முதலில் பார்க்கிறார். முகத்தைப் பார்ப்பதில்லை.'

'எடை போடும்போது யாரும் கேட்பதில்லை. கல்லாவை மூடும் சத்தம் வந்ததும் எல்லோரும் கேட்கிறார்கள்.'

கடைசி வரியைப் படித்துவிட்டு நானும் கடையைப் பார்த்தேன். அப்படியேதான் நடந்துகொண்டிருந்தது. கல்லா மூடுகிறது, குரல்கள் எழுகின்றன; தராசில் பருப்பு விழுகிறது, குரல்கள் அடங்குகின்றன. நாமெல்லாம் யோசிக்காமல் செய்துவிட்டுப் போவதை, உட்கார்ந்து கவனித்து, காரணத்தோடு எழுத்தில் கொண்டுவந்துவிட்டாள். ஒழுங்கைத் தேடும் மனம் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இயல்பிலேயே இருக்கிறது. அதை ஏதோ குறை மாதிரி ஒதுக்கிவைத்துவிட்டுப் பாடம் நடத்தத் தேவையில்லை. அதை வைத்தே மனிதர்களைப் படிக்க முடியும்.

வகுப்புக்குத் திரும்பி வந்து கடைக்காரரின் தலைக்கு மேல் ஒரு மேகம் வரைந்தோம். கல்லாவை மூடும் நேரத்தில் அதில் என்ன இருக்கும்? "அடுத்து யாரு?" என்று எழுதினாள். பிறகு அவளாகவே சேர்த்துச் சொன்னாள்: "நான் எதுவும் கேக்கலைன்னா, சும்மா நிக்கறேன்னு நெனச்சுக்குவார்." அதன் பிறகு ஒத்திகை சுலபமாகிவிட்டது. கல்லா மூடும் சத்தம், ஒரு அடி முன்னால், பணத்தோடு கை, "அண்ணா, கால் கிலோ உளுந்து."

அவள் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நான் கடைக்காரரிடமும் பேசினேன். "முன்னாடியே சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே மேடம்" என்றார். இப்போது ஓரமாக நிற்பது தெரிந்தால், "உனக்கு என்ன பாப்பா?" என்று அவரே கேட்டுவிடுகிறார். கடைக்காரர் செய்தது எந்தப் பாடத்திட்டத்திலும் வராது. ஆனால் அதுவும் அடுத்தவர் மனதை யோசிப்பதுதான்.

தாமே ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 2012இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தைத் திருப்பிப் போட்டது. புரியாமை ஒருபக்கத்தது இல்லை; ஆட்டிசம் உள்ளவர்களின் மனம் மற்றவர்களுக்கும் அதே அளவு எட்டுவதில்லை என்றார். 2020இல் எடின்பரோவில் கேத்தரின் க்ராம்ப்டனும் அவரோடு இருந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எட்டு எட்டுப் பேராகச் சங்கிலி அமைத்து, ஒரு கதையை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குச் சொல்ல வைத்தார்கள். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலியில், ஆட்டிசம் இல்லாதவர்களின் சங்கிலிக்குச் சமமாகவே கதை போய்ச் சேர்ந்தது. இருவகையினரும் கலந்து நின்ற சங்கிலியில்தான் அதிகம் சிதைந்தது. ஆசிரியர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். 'இவனுக்கு யார்கூடவும் பழக வராது' என்று ரிப்போர்ட்டில் எழுதும் முன், யாரோடு வராது என்று நின்று யோசிப்பார்கள்.

2016ஆம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு. அதைக் காட்டி அட்மிஷன் வாங்கிவிடலாம். வகுப்புக்குள் நட்பு கிடைக்கச் சட்டத்தில் வழியில்லை. ஆகவே பள்ளிகள் அனுமதிக்கும்போது நான் வகுப்பு முழுவதற்கும் ஒரு பீரியட் எடுக்கிறேன். அப்படி, ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் படிக்கும் ஒரு ஆறாம் வகுப்பில், "விளையாடக் கூப்பிட்டா 'அப்புறம் வரேன்'னு சொல்றீங்க, ஆனா வர்றதில்ல. அவன் நிஜமாவே நீங்க வருவீங்கன்னு காத்துட்டிருக்கான்" என்று விளக்கினேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள். "அப்ப நாங்க சொல்றதுதானே மிஸ் பொய்? அவன் நம்பினது சரிதானே?"

சரிதான் என்றேன். அந்த வகுப்பில் ஒரு வழக்கத்தை அவர்களே கொண்டுவந்தார்கள். வர விருப்பமில்லை என்றால், "இன்னைக்கு வரல, நாளைக்கு லஞ்ச்ல பாக்கலாம்" என்று நேராகச் சொல்லிவிடுவது. இதனால் அவனுக்கு மட்டும் நன்மை என்று நான் நினைக்கவில்லை. சூசகம் புரியாமல் திண்டாடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'நல்ல பிள்ளையாக நடந்துகொள்' என்பதை மட்டுமே பழக்கினால் பிள்ளையின் பாதுகாப்பு போய்விடும். "அங்கிளுக்கு ஒரு முத்தம் குடு" என்று பெரியவர்கள் சொல்லும்போது, உடம்பு நெளிந்தும் முகம் திருப்பியும் பிள்ளை மறுப்பது கண்ணால் பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த மறுப்பைத் திருத்தச் சொல்லி என்னிடம் கொண்டுவருகிறார்கள். நான் திருத்த மாட்டேன். என் பாடங்களில் எதிராளியின் மேகத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளையின் மேகமும் இருக்கும். அதில் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று எழுத இடம் உண்டு. அதை வாயால் சொல்ல, கையால் காட்ட, எழுந்து போக, மூன்றுக்கும் ஒத்திகை உண்டு. அடுத்தவர் என்ன நினைப்பார் என்று ஓயாமல் யோசிக்க வைத்து, தனக்கு என்ன தோன்றுகிறது என்பதை மறக்கடித்தால் அது கல்வியாகாது. அப்படி நடித்து நடித்தே களைத்துப்போன பதின்வயதுப் பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளியில் நாள் முழுக்கச் சிரித்துவிட்டு வந்து, வீட்டுக் கதவைச் சாத்தியதும் வெடித்து அழுவார்கள்.

இந்த மாதம் ஒரு பையனின் அக்காவுக்குக் கல்யாணம். அவனோடு வழக்கமான தயாரிப்புகளைச் செய்தோம்: மண்டபத்தின் போட்டோ, மேடைக்குப் பின்னால் இருக்கும் அமைதியான அறை, காது மூடும் ஹெட்போன், போட்டோவுக்குக் கூப்பிட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும். அவன் அம்மா இன்னொன்றும் கேட்டார். சொந்தக்காரர்களுக்கும் ஒரு பக்கம் எழுதித் தர முடியுமா என்று. அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து, எது வேண்டும் எது வேண்டாம் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினோம். கன்னத்தைக் கிள்ள வேண்டாம். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருங்கள். 'என்னை யாருன்னு தெரியுதா?' என்று கேட்காதீர்கள். நீங்கள் யார் என்று சொல்லிவிடுங்கள். சாப்பிட்டது போதும் என்றால் போதும்தான், இன்னொரு கரண்டி வைக்காதீர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டார்கள். அன்று இரவே பெரியப்பா அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். கெட்டிமேளம் முழங்கும் நேரத்தை மேளக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்கிறேன், ஐந்து நிமிடம் முன்னால் வந்து சொல்கிறேன், அவன் உள்ளே இருக்க விரும்பினால் இருக்கட்டும், வெளியே போக வேண்டுமென்றால் நானே கூட்டிப் போகிறேன் என்றாராம்.