கொட்டிக் கிழங்கு தேடிப் போன கதை

கொல்லையில் ஆறடி நீளம், நாலடி அகலம், இரண்டடி ஆழத்தில் ஒரு சின்னக் குட்டை கட்டி இந்த ஐப்பசியோடு 3 வருடம் ஆகிறது. தவளையும் தட்டானும் குருவியும் வந்து போகவேண்டும் என்பதற்காகவே கட்டியது. என்ன செடி வைப்பது என்று பலரும் கேட்பதால் எழுதுகிறேன்.

என் முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டி முடித்த கையோடு ஒரு நர்சரிக்குப் போய்க் கேட்டதற்கு, சும்மா தண்ணீரில் போட்டாலே வரும் என்று வெங்காயத்தாமரை நாலு கொத்து கொடுத்தார்கள். அது தென் அமெரிக்கச் செடி, வாகாக இருந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும் என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. இரண்டு மாதத்தில் தண்ணீரே கண்ணில் படவில்லை, உள்ளே வெளிச்சம் இறங்காமல் நாற்றம் எடுத்து, தலைப்பிரட்டைகள் செத்து மிதந்தன. மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் அள்ளி வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போட்டேன். தயவுசெய்து வாய்க்காலில் மட்டும் வீசிவிடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் மூதுரை படித்தவர்களுக்கு நினைவிருக்கும், குளம் வற்றினால் பறவைகள் பறந்துபோகும், கொட்டியும் ஆம்பலும் நெய்தலும் என்ற நீர்ச்செடிகள் அங்கேயே கிடக்கும். குட்டையைக் கழுவிய அன்று அந்தப் பாட்டுத்தான் ஞாபகம் வந்தது. இந்த மூன்றுக்கும் சேற்றுக்குள் கிழங்கு உண்டு, கோடையில் இலை கருகினாலும் மழை விழுந்ததும் துளிர்த்துவிடும். சித்திரை வெயிலில் என் குட்டையில் ஒரு சாண் தண்ணீர்கூட நிற்காது, அதற்கு ஏற்ற செடி வேறு எது?

சரி என்று சிவகங்கைப் பக்கம் அத்தை ஊருக்குப் போனேன். கண்மாயில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறங்கி, காலாலேயே துழாவிக் கொட்டிக் கிழங்கு எடுத்துக் கொடுத்தார், “அவிச்சுத் திங்கலாம்ப்பா” என்றார். மண்சட்டியில் கண்மாய் வண்டலைப் போட்டு, கிழங்கைப் புதைத்து, மேலே இரண்டு விரல் உயரம் மணல் பரப்பித் தண்ணீருக்குள் இறக்கினேன். தொழு உரம் வேண்டாம், அது கரைந்து தண்ணீர் பச்சையாகிவிடும். கூடவே வைத்ததில், நீலப் பூ நெய்தல் பகலில் விரியும், வெள்ளை ஆம்பல் இரவில் விரிந்து காலையில் கூம்பும். இலைகள் பாதித் தண்ணீரை மூடினால் போதும், அதற்குமேல் போனால் வெட்டிவிடுகிறேன்.

ஓரத்துக்குத்தான் உண்மையில் அதிகம் யோசிக்கவேண்டும். ஈரம் நிற்கும் இடத்தில் வல்லாரை, நீர்ப்பிரமி, நாலு இலை ஆரைக்கீரை மூன்றும் தானாகப் படர்ந்து, குட்டித் தவளைகள் ஒளிய இடம் கொடுக்கின்றன. நீர்முள்ளி ஒரு மூலையில் நிற்கிறது, கணுவுக்குக் கணு முள், ஆனால் மயில் வசீகரன் வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும் என்பதால் பிடுங்க மனசு வரவில்லை. நாணல்போல் உயரமாக வளரும் சம்பு மட்டும் வைக்கவில்லை, சின்னக் குட்டையை அது முழுதாகப் பிடித்துக்கொள்ளும்.

கோரை இரண்டு கொத்து கட்டாயம் வேண்டும். போன மாதம் விடியற்காலையில் பார்க்கிறேன், ஒரு கோரைத் தண்டில் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பழுப்பு நிறத்தில் காலியான தோல் ஒன்று முதுகு பிளந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்குப் பக்கத்திலேயே இறக்கை இன்னும் கண்ணாடிக் காகிதம் மாதிரி கசங்கியபடி ஒரு தட்டான். ஏறி வரத் தண்டு மாதிரி ஒரு பிடிமானம் இல்லாவிட்டால் அது தட்டானாக ஆவது கஷ்டம். எதிர்வீட்டு அக்கா கொசு வரும் என்று பயந்தார், தண்ணீருக்குள் இருக்கும் தட்டான் குஞ்சுகள் கொசுப்புழுவைத் தின்பதைக் காட்டிய பிறகு சமாதானமானார். மீன் எதுவும் விடவில்லை, கொசுப்புழுவைத் தின்ன விடும் கம்பூசியா மீனை விட்டால் தலைப்பிரட்டையையும் கடித்துக் குதறிவிடும்.

நீர்முள்ளி விதை ஒரு டப்பா நிறைய எடுத்து வைத்திருக்கிறேன், நெய்தல் கிழங்கும் நாலைந்து பிரிக்கலாம். அடைமழை நிற்பதற்குள் நட்டால் நன்றாகப் பிடிக்கும், வேண்டியவர்கள் சொல்லுங்கள்.